கடல்ல கூண்டு போட்டு மீன் வளக்குறதுக்கான சாமான் கடை, மண்டபம் பக்கம்: 3/5

வலை, மிதவை, நங்கூரக் கயிறு எல்லாம் ஒரே எடத்துல கிடைக்குது, வலை தரம் சூப்பர்ங்க, பாசி அடைச்சு அடைச்சு எத்தன தடவ கழட்டிக் கழுவுனாலும் இன்னும் நைஞ்சு போகல. வெலையும் தூத்துக்குடி போயி வாங்குறதுக்கு இதுவே தேவல.

தீவனம்தான் பிரச்சனை. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலத்துல விசைப்படகு போகாதுல்ல, தீவனமா போடுற சூடை மீன் வெலை ஏறிடும், கூண்டுல வளக்குற கடல் விராலுக்கு (கோபியா மீன்) பெல்லட் தீவனம், அதான் குருணைத் தீவனம், அப்பதான் வேணும், சரியா அப்ப பாத்து ஸ்டாக் இல்லம்பாங்க.

இன்னொன்னு. எங்க குழு முழுக்க கடல் பாசி எடுக்குற பொம்பளைங்க, தவணை கேட்டா "வீட்டு ஆம்பளைய கூட்டிட்டு வாங்கக்கா"ங்குறாரு கல்லால இருக்குற தம்பி. பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துலயே பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பொம்பளைங்களுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் 60 சதவீதம் மானியம், அரசாங்கமே எங்க பேர நம்புது இவருக்கு என்னவாம்? மிச்சம் நாங்க போட வேண்டிய 40 சதவீதத்த பொரட்டத்தானே தவணை கேக்குறோம். 2010லயே இந்தியாவுல மொத மொதலா கடல் விரால் குஞ்சு பொரிச்ச ஊரு மண்டபம், இங்கயே இப்படின்னா.

வலைக்கு தாராளமா போங்க, தீவனத்துக்கு போன் பண்ணி கேட்டுட்டு போங்க.