போர்தோ திராட்சைத் தோட்டச் சுற்றுலா: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிரான்ஸின் போர்தோ நகரில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். போன செப்டம்பரில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, தலைக்கு 189 யூரோ கட்டி இரண்டு நாள் சுற்றுலா போய் ஏமாந்து வந்தோம். அந்தச் சுற்றுலாவை நடத்திய ஆள் இப்போது வேறு பெயரில், வேறு படங்களோடு மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் போடத் தொடங்கியிருக்கிறார். அழைக்கும் எண் மட்டும் பழைய எண்தான்.

விளம்பரத்தில் சொன்னது இது. சனிக்கிழமை போர்தோவுக்கு வடக்கே மெதோக் பக்கம் இரண்டு ஷாத்தோக்களுக்குள், அதாவது ஒயின் தயாரிக்கும் பெரிய தோட்டங்களுக்குள், போய்ப் பார்க்கலாம், ஒயின் சுவைக்கலாம். இரவு திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் உள்ள பண்ணை வீட்டில் தங்கல். ஞாயிறு காலை கபுசின் சந்தை, அப்புறம் சேந்த் எமிலியோன் என்ற ஒயின் ஊர், அங்கே பாறையைக் குடைந்து செய்த தேவாலயம். நான் படிப்பது மண்ணியல். ஆற்றங்கரைச் சரளைக்கல்லில் கபெர்னே சோவிஞோன் திராட்சையும், சுண்ணாம்புப் பாறையும் களிமண்ணும் கலந்த மேட்டில் மெர்லோ திராட்சையும் வளர்வதை இரண்டே நாளில் நேரில் பார்த்துவிடலாம் என்ற ஆசையில்தான் சேர்ந்தேன்.

சனிக்கிழமை வேன் டி2 சாலையில் வடக்கே போனது. மர்கோ, சேன் ஜூலியன், பொய்யாக் என்று வரிசையாகப் பெயர்ப்பலகைகள் கடந்தன. ஒவ்வொரு பெரிய வாசலிலும் ஐந்து நிமிடம் நிறுத்தினார். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். உள்ளே எப்போது போவோம் என்று கேட்டதற்கு, "அறுவடைக் காலம், யாரையும் விட மாட்டார்கள்" என்றார். அறுவடை நாட்களில் பல தோட்டங்கள் பார்வையாளர்களைக் குறைத்துக்கொள்வது உண்மைதான். அங்கே பெரும்பாலான இடங்களில் முன்பதிவு இல்லாமல் நுழையவும் முடியாது. ஆனால் அது அவருக்குத் தெரியாத விஷயமா? பணம் வாங்கும்போது ஏன் சொல்லவில்லை?

சுவைத்துப் பார்ப்பது என்று அழைத்துப் போனது சாலையோர ஒயின் கடை ஒன்றுக்கு. பிளாஸ்டிக் கோப்பையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஊற்றினார்கள். கடைக்காரர் ஒரு பாட்டிலைத் தூக்கி, 'கிரான் க்ரூ' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து, "சேந்த் எமிலியோனிலேயே உச்சத் தரம் இதுதான், 48 யூரோ" என்றார். என் அறைத்தோழி அவள் அப்பாவுக்கென்று ஒன்று வாங்கினாள். அடுத்த வாரம் அதே பாட்டில், அதே ஆண்டு, எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்டில் 19 யூரோவுக்கு இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். 'சேந்த் எமிலியோன் கிரான் க்ரூ' என்பது ஒரு புவிசார் பெயர். அதற்கான விதிகளைக் கடைப்பிடிக்கும் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். தரவரிசையில் இடம் பிடித்தவை வேறு. அவற்றின் லேபிளில் 'கிரான் க்ரூ கிளாசே' அல்லது 'பிரமியே கிரான் க்ரூ கிளாசே' என்று இருக்கும். அந்தப் பட்டியல் 1955இல் முதலில் வந்தது, கடைசியாக 2022இல் திருத்தினார்கள். 'கிளாசே' என்ற அந்தச் சொல் இல்லாமல், 'கிரான் க்ரூ' என்ற எழுத்தை மட்டும் காட்டி உச்சத் தரம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

இரவு தங்கிய இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுற்றுச்சாலை ஓரத்து மலிவு ஹோட்டல், விடிய விடிய லாரிச் சத்தம்.

ஞாயிறு கிளம்பவே பத்தரை ஆகிவிட்டது. கபுசின் சந்தை காலைச் சந்தை, மதியத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள். "இன்று கூட்டம், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று வழியில் ஒரு கூடாரக் கடையில் நிறுத்தினார். நூகா மிட்டாய், பெரிய சக்கரம் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். பலகையில் 4.50 என்று கொட்டை எழுத்து. அதன் கீழே, பென்சில் முனை அளவில், 100 கிராமுக்கு. தம்பி ஒருவன் "கொஞ்சம்" என்று விரலால் காட்டினான். கத்தி சட்டென்று இறங்கியது. தராசில் 620 கிராம், 27 யூரோ 90. வெட்டிவிட்டேன், இனி திருப்பி வைக்க முடியாது என்று கடைக்காரர் குரலை உயர்த்தினார். அந்தப் பையன் இரண்டு நாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, வேனில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சந்தையில் எடை போட்டு விற்கும் எதையும், கத்தி தொடும் முன் இத்தனை கிராம், எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.

சேந்த் எமிலியோனில் பாறைத் தேவாலயத்துக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். "டிக்கெட் தீர்ந்துவிட்டது" என்றார். நாங்களே சுற்றுலா அலுவலகத்தில் போய்க் கேட்டோம். அவர் பெயரில் முன்பதிவே இல்லை.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டோம், பதில் இல்லை. பதினான்கு நாளுக்குள் ரத்து செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த பயணத்துக்கு அந்த விதி செல்லாது. ஆனால் போக்குவரத்தும் தங்கலும் சேர்ந்து விற்றால் அது சட்டப்படி பயணத் தொகுப்பு. சொன்னதைச் செய்யாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பிரான்ஸில் அப்படி விற்பவர் அத்தூ பிரான்ஸ் என்ற சுற்றுலா அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஐஎம் (IM) என்று தொடங்கும் எண் இருக்கும், நிதி உத்தரவாதமும் காட்ட வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். நாங்கள் தேடியது பணம் போன பிறகு. அவர் அதில் இல்லை.

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம், அரசின் சிக்னல் கோன்சோ தளத்தில் புகார் பதிந்தோம். எங்களில் ஒருத்தி மட்டும் கார்டில் கட்டியிருந்தாள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டுகளை வங்கியில் கொடுத்து, ஆறு வாரத்தில் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டாள். வங்கிப் பரிமாற்றம் செய்த மற்ற மூன்று பேருக்கும் ஒரு சென்ட் கூட வரவில்லை.

அக்டோபரில் சேந்த் எமிலியோனுக்கு நாங்களே மறுபடி போனோம். போர்தோவின் சேன் ஜான் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறத்தாழ நாற்பது நிமிடம். இறங்கியதும் திராட்சை வரிசைகளுக்கு நடுவே இருபது நிமிட நடை, ஊர் வந்துவிடும். ரயில் குறைவு, அதனால் திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தேவாலயத்துக்குச் சுற்றுலா அலுவலகத்தில் டிக்கெட் எடுத்தோம். உள்ளே பாறைச் சுவரில் கை வைத்தால் ஈரமாகக் குளிர்ந்தது.

இந்த முறை அந்த ஆள் கேட்பது 60 யூரோ முன்பணம், அதுவும் வங்கிப் பரிமாற்றமாக மட்டும். ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்றைக்கே எழுத்தில் ஐஎம் எண்ணையும் ஒப்பந்தத்தையும் கேளுங்கள். விளம்பரத்தை அவர் அழிக்கும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.