பானாப்டிகானா, டான் ரேய்டா: எதை முதலில் கேட்பது?

இரண்டுமே முதலாளித்துவத்தைச் சாடும் பிளாக் மெட்டல் (அலறல் குரலும் இரைச்சல் கிட்டாரும் கொண்ட கனத்த ராக் வகை) இசைக்குழுக்கள், இரண்டிலும் ஃபிடில் (வயலின்) உண்டு. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

பானாப்டிகான், அமெரிக்கரான ஆஸ்டின் லன் தனியாளாகத் தொடங்கியது. 2012-இல் வந்த ‘கென்டக்கி’ ஆல்பத்தின் களம் நிலக்கரிச் சுரங்கம். மொத்தம் 8 தடங்கள்: பத்து நிமிடத்தை ஒட்டியோ தாண்டியோ நீளும் மூன்று மெட்டல் தடங்கள், அவற்றைச் சுற்றிப் பான்ஜோ என்ற நரம்புக் கருவி ஒலிக்கும் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை. கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் கவுண்டி சுரங்கப் போராட்டத்தின்போது, 1931-இல், ஃபுளோரன்ஸ் ரீஸ் எழுதிய தொழிற்சங்கப் பாட்டும் இருக்கிறது. பலர் செய்யும் தவறு, மெட்டலை மட்டும் பொறுக்கிக் கேட்பது. அலறலில் சொற்கள் பிடிபடாது. விஷயத்தைத் தெளிவாகச் சொல்பவை நாட்டுப்புறப் பாட்டுகள்தான். ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசையாகக் கேளுங்கள்.

லிவர்பூலின் டான் ரேய்ட் (2015–2023) மூவர் குழு, பேஸ் கிட்டார் கிடையாது. அதனால் ஒலியின் அடிப்பகுதி மெலிவு. சின்ன ஸ்பீக்கரில் இன்னும் வறண்டுவிடும், ஹெட்ஃபோனே மேல். 2017-இன் ‘தி அன்லாஃபுல் அசெம்பிளி’ ஆல்பத்தில் பாட்டுகள் குறுகியவை, அரசே வேண்டாம் என்னும் அரசின்மைவாதம் அப்பட்டம். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால்தான் ருசி.

புரோக்ரெசிவ் கட்டமைப்பை, அதாவது பகுதி பகுதியாக மாறிச்செல்லும் நீண்ட பாட்டுகளை, தேடுபவருக்குத் தயங்காமல் ‘கென்டக்கி’. கையில் நேரம் குறைவென்றால் ‘தி அன்லாஃபுல் அசெம்பிளி’.