ஹட்டனில் ஓர் ஆங்கில வகுப்பும் 'லைன்' என்ற சொல்லும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் நகரில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடக்கும் பேச்சு ஆங்கில வகுப்பு ஒன்றுக்கு மூன்று மாதம் போனேன். மாதம் 2,500 ரூபாய். சேர யோசிப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் குறை. ஒரே அறையில் நாற்பது பேர், பின் வாங்கில் இருந்தால் பலகை தெரியாது, போட்டோ கொப்பி நோட்ஸ் பாதி மங்கல். பேசிப் பழக ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, பேச்சு ஆங்கிலம் என்று காசு வாங்கும் இடத்தில் இது சின்னக் குறை இல்லை.

ஆனால் ஆறாவது வாரம் படிப்பிக்கும் சேர் 'லைன்' என்ற ஒரே சொல்லை எடுத்து இரண்டு மணி நேரம் நடத்தினாரே, அதற்கே நான் கொடுத்த காசு சரி.

நான் புடவைக் கடையில் வேலை செய்கிறேன். கொழும்பில் இருந்து துணி அனுப்புகிறவர் ஒருமுறை 'டிராப் மீ எ லைன்' என்று எழுதியிருந்தார். லைன் என்றால் போன்தானே என்று திரும்பத் திரும்ப அழைத்தேன், அவர் எடுக்கவில்லை, ஓடர் ஒரு வாரம் தள்ளிப்போனது. இரண்டு வரி எழுதிப் போடச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

சேர் எதையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, வேரில் இருந்து வந்தார். லத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. நூலை இழுத்துப் பிடித்தால் கோடு, ஆட்கள் அப்படி நின்றால் வரிசை (அமெரிக்காவில் லைன், பிரிட்டனில் கியூ), எழுத்து ஓடினால் வரி, நாடகத்தில் வசனம், தூண்டில் நூல், துணி காயப்போடும் கயிறு, டெலிபோன் கம்பி, எங்கள் ஊர் வழியாக 1924இல் பதுளைக்குப் போய்ச் சேர்ந்த ரயில் பாதை. நான் தினமும் வெட்டிக் கொடுக்கும் லைனிங் துணிக்கும் வேர் அதுதான், உடுப்புக்கு உள்ளே லினன் வைத்துத் தைத்ததால் வந்த பெயராம்! கடையில் எத்தனை வருடம் கத்தரிக்கோல் பிடித்திருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை.

அப்புறம் பலகையில் 'லயம்' என்று எழுதினார். வகுப்பே அமைதியாகிவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய 'லைன்' வீடுகள்தான் நம் வாயில் லயம் ஆனது, பாட்டில் வரும் லயம் வடமொழிச் சொல், அது வேறு. அந்த லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை) ஒன்றில் ஆறு பேராக வளர்ந்தவள் நான், பள்ளிக்கூடத்தில் விலாசம் கேட்டால் அந்தச் சொல்லை விழுங்கிவிடுவேன். அன்றைக்கு அதைச் சத்தமாக, ஆங்கிலத்தில், முழு வாக்கியமாகச் சொன்னேன்.

இப்படியான பாடம் மூன்று மாதத்தில் ஒன்றுதான் கிடைத்தது, மாதத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று சேரிடமே கேட்டிருக்கிறேன். தைப்பொங்கலுக்குப் பிறகு தங்கையைச் சேர்க்கிறேன். வகுப்பு இரண்டு மணிக்கு, முன் வாங்கு கிடைக்க வேண்டுமானால் ஒன்றரைக்கே போய்விடுங்கள்.