பழம்பொருள் கடைக்கான இருப்புச் செயலி: புதிய பதிப்பு எப்படி இருக்கிறது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்களுக்கு இருப்பு என்பது வெறும் எண்ணிக்கை அன்று. ஒரு பித்தளைக் கூஜாவைப் போல இன்னொன்று அமைவதில்லை என்பதால் ஒவ்வொரு பொருளையும் படத்தோடு பதிய வேண்டியிருக்கிறது. அதற்காக எங்கள் கடையில் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு செயலி, புதிய பதிப்பில் உண்மையாகவே வேகம் பெற்றிருக்கிறது.

பழைய பதிப்பு படத்தைச் சுருக்குவதையும் தரவுத்தளத்தில் தேடுவதையும் மெயின் திரெட்டிலேயே செய்தது (திரெட் என்பது செயலிக்குள் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் தடம்; மெயின் திரெட் அதில் முதன்மையானது). திரையை வரைவதும் விரல் தொடுவதைக் கவனிப்பதும் அதே திரெட்டின் பொறுப்பு; நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிநொடிதான். அதற்குள் வேலை முடியாவிட்டால் பட்டியல் திக்கித் திக்கி நகரும். தொடுதலுக்கு 5 நொடி பதில் இல்லையென்றால் செயலியை மூடலாமா என்று ஆண்ட்ராய்டே கேட்டுவிடும். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது கல்லாவில் இருக்கும் அப்பச்சிக்கு இது பெரிய சங்கடம். இப்போது அவ்வேலைகள், கோட்லின் நிரலாக்க மொழியில் வேலைகளைப் பிரித்து நடத்த உதவும் கோரூட்டீன்கள் வழியாகப் பின்னணித் திரெட்டுகளுக்குப் போய்விட்டன. நூற்றுக்கணக்கான படங்கள் உள்ள பட்டியலும் தடையின்றி நகர்கிறது.

‘ஒரே நேரத்தில் எத்தனை படங்கள்’ சுருக்குவது, அதாவது எத்தனை திரெட்டுகள் ஓடுவது என்று அமைப்புகளில் 16 வரை தேர்ந்தெடுக்க விட்டிருப்பதுதான் எனக்கு உடன்பாடில்லாத இடம். 12 மெகாபிக்சல் படம் ஒன்றை முழு அளவில் விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம், நினைவகத்தில் 48 மெகாபைட் பிடிக்கும். பதினாறையும் சேர்த்தால் 768 மெகாபைட். எட்டு கோர் (செயலகத்தின் கணக்கிடும் பகுதி) உள்ள கைபேசியிலும் அவற்றுள் பாதியோ அதற்கு மேலோ பெரும்பாலும் மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறிய கோர்களே என்பதால், திரெட்டைக் கூட்டக் கூட்ட வேகம் அதே அளவில் கூடுவதில்லை. பதிவேற்றத்தின் கடைசிக் கட்டத்தில் இது இன்னும் வெளிப்படை: செயலியின் தரவுத்தளமான எஸ்க்யூலைட் ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டுமே எழுத விடுமாகையால், மற்றத் திரெட்டுகள் வரிசையில் காத்திருக்கின்றன. பல பதிவுகளை ஒரே பரிவர்த்தனையாக, அதாவது ஒரே தொகுப்பாகச் சேர்த்து எழுதியிருந்தால் அங்கே கூடுதல் பலன் கிடைத்திருக்கும்.

தேடலிலும் ஒரு பிழை உண்டு. ‘கூ’ என்று தட்டியதற்கான நீண்ட முடிவு, ‘கூஜா’ என்று முடித்த பிறகு தாமதமாக வந்து சரியான முடிவை மூடிவிடுகிறது. புதிய எழுத்து விழுந்ததும் முந்தைய தேடலை ரத்து செய்திருக்க வேண்டும்.

படம் வைத்து விற்கும் கடைகள் இதைத் தயங்காமல் வாங்கலாம். ‘ஒரே நேரத்தில் எத்தனை படங்கள்’ அமைப்பை 4-இல் வையுங்கள். 3 ஜிபி ரேம் உள்ள கைபேசியென்றால் 2 போதும்.