வீணைக்குக் கண்டன்சர் மைக்: காரைக்குடி வீட்டில் நீண்ட நாள் அனுபவம்

தேவகோட்டையிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற கண்டன்சர் மைக் விலை குறைஞ்சிருக்கு. பாப்பா வீணை வாசிக்கிறதை வீட்லயே பதிவு பண்ணணும். வாங்கிறலாமா?" போனில் ஒரே பேச்சாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பென்சில் மைக் என்பார்களே, அந்த வகை. 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே வரும் மின்சாரம் கேட்கும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான, இரண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி இன்டர்ஃபேஸில் செருகி 24 பிட்டில் பதிவு செய்கிறேன். இன்டர்ஃபேஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எர்த் சரியில்லாத பழைய வயரிங் வீடு என்றால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், உறுமல் போய்விடும்.

மைக்கின் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு வாங்கிய டைனமிக் மைக் ஒன்று என்னிடம் ஏற்கனவே இருந்தது. வீணையோ சன்னமான வாத்தியம். ஒலியைப் பெருக்கும் கெயினை ஏற்ற ஏற்ற இரைச்சலும் கூடவே ஏறும். கண்டன்சரில் அந்தத் தொல்லை இல்லை. தோடி ராகத்தில் காந்தார சுரத்தை அசைத்து விட்டபின், ஒலி தேய்ந்து அடங்கும் அந்தக் கடைசி இழை வரைக்கும் பதிவாகிறது. தானம், அதாவது தாளம் இல்லாமல் லயத்தோடு ராகத்தை விரிக்கும் பகுதி, வாசித்தால் இன்னும் சுகம். வீணை வித்வான்களான காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் தானத்துக்கே பேர்போனவர்கள். சாம்பசிவ ஐயர் 1952-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். அவர்கள் ஊரில் இருந்துகொண்டு தானத்தைச் சேறும் சகதியுமாகப் பதிவு செய்ய எனக்கு மனசு வரவில்லை. இந்த மைக்கில் பக்கத்துத் தாளத் தந்திகள் தனியாக, ராகம் வாசிக்கும் முதல் தந்தியான சாரணி தனியாக, ஒன்றை ஒன்று மூடாமல் கேட்கிறது.

வைக்கும் இடம் முக்கியம். குடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, விரல் வைத்து அழுத்தும் மெட்டுக் கட்டைகளில் கடைசி மெட்டுகள் முடியும் இடத்தைப் பார்த்தாற்போல வையுங்கள். இன்னும் கிட்டே போனால் கீழ் ஒலி உப்பிவிடும். வலது கைக்கு நேராக வைத்தால் மீட்டுக்கு மீட்டு நகச் சத்தம் காதைக் கிழிக்கும்.

பெரிய வீடு இருக்கிறதே, வளவில், அதாவது நடு முற்றத்தில், உட்கார்ந்து வாசிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், மேலே திறந்த வானம். ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், அது அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று தெரியும். நேரில் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். பதிவிலோ ஒரு கமகம், அதாவது சுரத்தின் அசைவு, அடுத்த கமகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். எதிரொலியைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், பதிவான எதிரொலியைச் சுத்தமாக எடுக்க முடியாது. அணிலும் மைனாவும் வேறு சும்மா இருக்காது. ஆக, உள் அறைதான். சுவரில் ஜமுக்காளம், மூலையில் மெத்தை, ஜன்னலைச் சாத்தியாக வேண்டும்.

ஜன்னலைச் சாத்தினால் ஃபேன் வேண்டும். என் எரிச்சல் அத்தனையும் இங்கேதான்.

இந்த மைக்குக்கு ஃபேன் ஆகவே ஆகாது. காற்றுச் சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சுற்றும் இறக்கையில் பட்டுத் திரும்பும் ஒலியால் நீட்டி நிறுத்தும் சுரமான கார்வையே நடுங்குகிறது. நிறுத்திப் பிடித்த பஞ்சமம் யாரோ அசைத்துக்கொண்டே இருக்கிற மாதிரி கேட்கும். "லோ கட் போடுங்க, போயிரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் உறுமல் குறையும், சரி. ஆனால் மூன்று கட்டைச் சுருதியில் வீணையின் மிகக் கீழான தந்தி, அனுமந்தரப் பஞ்சமம், சுமார் 62 ஹெர்ட்ஸ். ஃபேனும் அந்தத் தந்தியும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன. ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் வெட்டுப்படும். குடம் இருந்தும் குடத்தின் கனம் இல்லாத வீணை யாருக்கு வேண்டும்?

சரி, ஃபேனை நிறுத்துகிறோம். சித்திரை வெயிலில், சாத்திய அறையில், அரை மணி நேரம். விரல் வியர்த்துத் தந்தியில் வழுக்குகிறது. அதைவிட மோசம் மெழுகு. இருபத்துநாலு மெட்டும் தேன்மெழுகில் கரி கலந்து பதித்தவை. சூட்டில் மெழுகு இளகி, அழுத்தி இழுத்த மெட்டு இம்மியளவு அமிழ்ந்தாலும் சுரம் பிசகுகிறது. அந்தப் பிசகையும் இந்த மைக் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். போன வாரம் அருமையாக அமைந்த ஒரு தானத்தை இதற்காகவே அழித்தேன். வயிறு எரிந்தது.

மைக்கைக் குறை சொல்ல நியாயமில்லை. கேட்டதைக் கேட்டபடி தருகிறது, ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. விலைக்கு இதைவிட நல்ல ஒலியை நான் கேட்டதில்லை.

இருந்தாலும் தம்பி, வாங்காதீங்க. தை மாதம் கேட்டிருந்தால் அன்றைக்கே ஆர்டர் போடச் சொல்லியிருப்பேன். இப்போதைக்கு அந்தப் பணத்தைப் பதிவு அறை ஏசிக்கு எடுத்து வையுங்கள். அறையைக் குளிரவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு வாசிக்கலாம். பாடம் கேட்டுத் திருத்திக்கொள்ள பாப்பாவுக்கு போன் ரெக்கார்டிங் போதும். நல்லபடியாக ஒன்று பதிவு பண்ணணும் என்றால் ஸ்டாண்டோடு என் மைக்கையே வந்து எடுத்துக்கொண்டு போங்கள். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எனக்கு வேண்டும்.