பிராண்டின் பெயரில் போலி: நாமே விரட்டுவதா, ஏஜென்சியிடம் விடுவதா, சட்டப்படி போவதா?

ஒரு கம்பெனியின் பெயர் கொஞ்சம் வெளியே தெரிய ஆரம்பித்ததுமே போலிகள் மூன்று பக்கத்திலிருந்தும் வரும். ஆன்லைன் சந்தைகளில் அதே பெயர், அதே படத்தோடு விற்கிற போலிச் சரக்கு ஒன்று. லோகோவை எடுத்து ஒட்டிக்கொண்டு "கஸ்டமர் கேர்" என்று பேசுகிற சோஷியல் மீடியா கணக்கு இன்னொன்று. மூன்றாவது, தளத்தின் முகவரியான டொமைன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிவு செய்து, நம் தளத்தை அச்சு அசலாக நகலெடுத்துக் கார்டு விவரங்களைப் பிடுங்குகிற தளம். மூன்றும் மூன்று வேகத்தில் கெடுதல் செய்பவை. பல கம்பெனிகள் இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே வழியில் மொத்தப் பணத்தையும் கொட்டிவிடுகின்றன. பணம் போனாலும் பரவாயில்லை, நடுவில் ஏமாறுவது நம் பெயரை நம்பி வந்த வாடிக்கையாளர் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

முதலில் நாமே பார்த்துக்கொள்கிற வழி. இதற்கு டிரேட்மார்க், அதாவது பிராண்ட் பெயருக்கும் லோகோவுக்கும் சட்டப்படியான பதிவு வேண்டும், அதுவும் நாம் விற்கிற நாடுகளில் வேண்டும். ஒரு நாட்டில் வாங்கிய பதிவு இன்னொரு நாட்டில் செல்லாது. மேட்ரிட் முறை என்கிற சர்வதேசப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம் என்பதால் அலைச்சல் குறையும். டிரேட்மார்க் கையில் இருந்தால் அமேசானின் பிராண்ட் ரெஜிஸ்ட்ரி, ஈபேயின் வெரோ, மெட்டாவின் பிராண்ட் ரைட்ஸ் புரொடெக்‌ஷன் ஆகிய புகார்க் கருவிகள் எல்லாமே கட்டணமில்லாமல் கிடைக்கும். அமேசானில் புகார்களைச் சரியாகக் கொடுத்துப் பேர் வாங்கிய பிராண்டுகளுக்கு, 2019-இல் வந்த புராஜெக்ட் ஜீரோ மூலம் போலி லிஸ்டிங்கை, அதாவது விற்பனைப் பக்கத்தை, தாங்களே நீக்குகிற அதிகாரம்கூட உண்டு.

"நாம் ஏன் தேட வேண்டும், தளக்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் டிஃபனி நகைக் கம்பெனி ஈபே மேல் போட்ட வழக்கில் 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது வேறு: போலிகள் பொதுவாக விற்கப்படுகின்றன என்று தளத்துக்குத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, இன்ன லிஸ்டிங் போலி என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். நடைமுறையில் இதற்கு அர்த்தம், கண்டுபிடித்துச் சொல்கிற வேலை பெரும்பாலும் நம் தலையில்தான்.

இதில் ஜெயிப்பதும் தோற்பதும் புகார் எழுதுகிற விதத்தில் இருக்கிறது. "இது எங்கள் பிராண்ட், எடுத்துவிடுங்கள்" என்று ஒற்றை வரி அனுப்பினால் அது அப்படியே கிடக்கும். நாமே அந்தப் பொருளை ஆர்டர் செய்து வாங்க வேண்டும். ஆர்டர் எண், விற்பனையாளரின் பெயர், லிஸ்டிங்கின் முழு முகவரி, தேதி தெரிகிற ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்து, பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுத்து, அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்து எங்கே தையல் மாறுகிறது, பேட்ச் எண்ணில் என்ன தப்பு, எந்த எழுத்து தடிமனாக அச்சாகியிருக்கிறது என்று காட்ட வேண்டும். பொருளைத் தயாரித்தவர்களுக்குத்தான் இது கண்ணில் படும், வெளியாளுக்குப் படாது. இந்த ஓர் இடத்தில், பிராண்டுகளுக்காகப் போலிகளைத் தேடி நீக்கிக் கொடுக்கிற எந்த ஏஜென்சியும் நம் சொந்த ஆட்களுக்கு ஈடாகாது.

இன்னொன்று, நம் சரக்கையே வாங்கி மறுவிற்பனை செய்கிறவரைப் போலி என்று புகார் செய்யாதீர்கள். விலையைக் குறைத்து விற்கிறார் என்ற கோபம் புரிகிறது, ஆனால் அது வேறு பிரச்சினை, பொய்ப் புகார் என்று தெரிந்தால் அடுத்த உண்மையான புகாருக்கும் மதிப்பு போய்விடும்.

சரி, ஏஜென்சி? பல சந்தைகள், பல மொழிகள் என்று பிராண்ட் பரவிவிட்டால் கையால் தேடி மாளாது. படங்களை ஒப்பிட்டுத் தேடுவது, புதிதாகப் பதிவாகிற டொமைன்களைக் கவனிப்பது, வெவ்வேறு பெயரில் இயங்குகிற பத்துக் கடைகளுக்குப் பின்னால் ஒரே கும்பல் இருப்பதைக் கோத்துக் காட்டுவது எல்லாம் அவர்கள் பலம். அந்தக் கடைசி வேலைக்குத்தான் நான் பணம் கொடுப்பேன். டொமைன் கண்காணிப்பில் ஒரு பகுதியை நாமே செய்துகொள்ளலாம்: 2018 முதல் குரோம் பிரௌசர், தளங்களின் பாதுகாப்பான இணைப்புக்கான புது சர்டிஃபிகேட்கள் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று கேட்பதால், நம் பெயரை ஒட்டிய டொமைனுக்கு யாராவது சர்டிஃபிகேட் வாங்கினால் பெரும்பாலும் அது அங்கே தெரிந்துவிடும், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

ஏஜென்சிகள் மாதாமாதம் "இத்தனை ஆயிரம் லிங்க் நீக்கினோம்" என்று அறிக்கை கொடுப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே விற்பனையாளரை நூறு தடவை நீக்கினாலும் நூறு என்றுதான் வரும். கண்ணில் பட்டதிலிருந்து நீக்கும் வரை எத்தனை மணி நேரம், நீக்கியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மூன்றாவது சட்ட வழி. டொமைன் தகராறுக்கு, டொமைன் பெயர்களை நிர்வகிக்கிற ஐகேன் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த, நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பளிக்கிற யூடிஆர்பி முறை இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் போதும் என்றால் ஐந்து டொமைன் வரை 1,500 டாலர் கட்டணம், வக்கீல் செலவு தனி. பெயர் குழப்பும்படி ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடுதான் பதிவு செய்து பயன்படுத்துகிறார் என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகும். ஜெயித்தால் டொமைன் கைக்கு வரும் அல்லது ரத்தாகும், நஷ்ட ஈடு கிடையாது.

நம் பெயரைப் பதிவு செய்துவிட்டு விலை பேசுகிறவரிடமிருந்து டொமைனை நிரந்தரமாக மீட்க இது நல்ல வழி. ஆனால் கார்டு எண்ணைத் திருடுகிற தளத்துக்கு இரண்டு மாதம் காத்திருப்பதா? அங்கே வேறு கதவு இருக்கிறது. 2024 ஏப்ரல் 5 முதல் ஐகேன் ஒப்பந்தப்படி, ஃபிஷிங், அதாவது போலிப் பக்கம் காட்டி விவரங்களைத் திருடுவது என்று ஆதாரத்தோடு புகார் வந்தால், டொமைன்களைப் பதிவு செய்து தருகிற ரெஜிஸ்ட்ரார்கள் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். டிரேட்மார்க் மீறல் அந்த வரையறைக்குள் வராது. ஆகவே அதே தளத்தைப் பற்றி "எங்கள் லோகோவைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதாமல், போலி லாகின் பக்கத்தின் படத்தையும் அது வந்த மின்னஞ்சலையும் வைத்து "இது ஃபிஷிங்" என்று எழுதுங்கள். அந்தத் தளத்துக்கு இடம் கொடுக்கிற ஹோஸ்டிங் கம்பெனிக்கும், ஆபத்தான தளம் என்று எச்சரிக்கிற கூகுள் சேஃப் பிரௌசிங்குக்கும் அன்றைக்கே அனுப்புங்கள்.

பெரிய போலிச் சரக்குக் கும்பல் என்றால் நீதிமன்றம்தான். அமெரிக்காவில் இல்லினாய் வடக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரே வழக்கில் நூற்றுக்கணக்கான ஆன்லைன் விற்பனையாளர்களைச் சேர்த்து, அவர்கள் கணக்கிலிருக்கும் பணத்தை முடக்க உத்தரவு வாங்குகிற வழக்கம் பரவியிருக்கிறது. லிஸ்டிங் போனால் இன்னொன்று போடுவார்கள், பணம் முடங்கினால்தான் வலிக்கும். செலவு அதிகம், சின்னக் கம்பெனிக்கு எட்டாது.

முன்னெச்சரிக்கையாக எல்லா எழுத்துப்பிழை டொமைன்களையும் வாங்கிக் குவிப்பது எனக்கு ஒப்பாது. முக்கியமான நாலைந்து போதும், மீதிக்கு முடிவே கிடையாது. டிமார்க் என்கிற மின்னஞ்சல் சரிபார்ப்பு ஏற்பாட்டை, தேறாத மின்னஞ்சலை ஏற்காமல் தள்ளுகிற ரிஜெக்ட் நிலைக்குக் கொண்டுபோவது மட்டும் கட்டாயம். அது நம் சொந்த டொமைன் பெயரிலேயே வருகிற போலி மின்னஞ்சலைத் தடுக்கும், ஓர் எழுத்து மாறிய டொமைனைத் தடுக்காது.

போலிக் கணக்கு விஷயத்தில் வேகம் ஒன்றுதான் முக்கியம். 2022 நவம்பரில் ட்விட்டர் 8 டாலருக்கு நீல டிக் விற்றபோது, எலி லில்லி மருந்துக் கம்பெனியின் பெயரில் டிக் வாங்கிய ஒரு போலிக் கணக்கு இன்சுலின் இனி இலவசம் என்று போட்டது. அசல் கம்பெனி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கும் உதவாது, மாத அறிக்கையும் உதவாது. தளத்தின் புகார் வழியை முன்கூட்டியே திறந்து வைத்திருக்கிற நம் ஆள் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

கையில் பணம் குறைவு என்றால் என் வரிசை இது: டிரேட்மார்க், கட்டணமில்லாத தளக் கருவிகள், டிமார்க், அப்புறம் அதிகாரப்பூர்வ கணக்குகளையும் விற்பனையாளர்களையும் பட்டியல் போட்டு, "சந்தேகமா, இங்கே அனுப்புங்கள்" என்று சொல்கிற ஒரு பக்கம். வாடிக்கையாளர்கள்தான் பெரும்பாலும் போலியை முதலில் பார்க்கிறார்கள். அங்கே வருகிற புகார்களை ஒருவரால் சமாளிக்க முடியாமல் போகிற அன்று ஏஜென்சியைக் கூப்பிடலாம். ஒரே கும்பல் திரும்பத் திரும்ப வருகிறது என்று அந்தப் புகார்களே காட்டும்போது வக்கீலைப் பார்க்கலாம்.