ரன்எக்ஸ் கியர் லிவர்: குட்டையாக்கியது வீண், புஷ் மாற்றியதுதான் வேலை செய்தது

என் வண்டி 2005 மாடல் டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ. வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறது, இது ரேஸ் டிராக்குக்கு மட்டும். சொந்த ஊர் கோயம்புத்தூர், இப்போது தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் வாசம். போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்திலுள்ள டெஸ்ஸி ரேஸ்வேக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்விடுவேன்.

போன வருடம் அங்கே நேர்ப்பாதை முடிவில் பிரேக் பிடித்து 5-லிருந்து 4-க்கு இறக்கினேன். லிவர் போய் உட்கார்ந்தது 2-ல். கிளட்ச் பாதி ஏறும்போதே சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது, திரும்ப மிதித்துவிட்டேன். கை நடுக்கம் நிற்க அடுத்த ஒரு சுற்று ஆனது. இந்த ஆறு கியர் பெட்டியில் 5-ன் விகிதம் 0.916, 2-ன் விகிதம் 2.050. அதாவது கிளட்சை முழுதாக விட்டிருந்தால், 5,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இருந்த எஞ்சின் 11,000-க்கு மேல் சுற்றியிருக்கும். யமஹாவோடு சேர்ந்து டொயோட்டா செய்த இந்த 1.8 லிட்டர் எஞ்சினில், தப்பான கியரில் விழுந்து சுற்று எகிறினால் ஆயில் பம்பின் பல்சக்கரம் உடையும். அப்புறம் எஞ்சினையே மறந்துவிட வேண்டியதுதான்.

வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் 5-லிருந்து 4-க்கு வரும்போது இடக்கை லிவரை உடம்பைவிட்டு விலகி இடப்பக்கம் தள்ளுகிறது. பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் நேரே 2-ன் வாசல், அதாவது லிவர் அந்தக் கியருக்குள் நுழையும் இடம். லிவரில் ஆட்டம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் நான் போன கடை இதற்குச் சொன்ன வைத்தியம் குட்டை லிவர். 1,400 ரேண்ட். கியர் போட்டால் டக்கென்று விழுகிறது, பார்க்க ஜோராக இருக்கிறது. இரண்டு நாள் சந்தோஷமாக ஓட்டினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அச்சுக்கு மேலே 200 மில்லிமீட்டர் இருந்ததை 160 ஆக்கியிருக்கிறார்கள். கை நகரும் தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, சரி. தள்ள வேண்டிய பலம் கால் பங்கு கூடிவிட்டதே! லிவரின் ஆட்டமும் தூரத்தோடு சேர்ந்து அதே அளவில் சுருங்கியதால் இரண்டுக்கும் உள்ள விகிதம் துளிகூட மாறவில்லை. வாசல்கள் நெருங்கி வந்ததுதான் மிச்சம். போதாக்குறைக்கு லிவர் தலையில் கை பிடிக்கும் நாப் கீழே இறங்கிவிட்டது. ஸ்டியரிங்கை விட்டுக் கை இன்னும் கீழே போக வேண்டும். டிராக் வண்டிக்குத் தேவை இதற்கு நேரெதிர்.

இனி நான் பாராட்ட வந்த கடை. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில், ஒரு வீட்டின் பின்கட்டில், ஒரு லேத், ஒரு ராம்ப், இரண்டே ஆட்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டார், ஏற்கெனவே மூன்று வாரம் வரிசை நிற்கிறதாம். பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், இடையிடையே ‘தம்பி’, ‘இங்க பாரு’ மட்டும் தமிழ். அவருடைய அம்மா தமிழிலேயே பேசுவார். நான் கோயம்புத்தூர் என்றதும் அது மதராஸிலிருந்து எத்தனை மணி நேரம் என்று கேட்டுவிட்டு டீ கொடுத்தார்.

அண்ணன் லிவரைத் தொடவே இல்லை. நடு கன்சோலைக் கழற்றி, 3-வது கியரில் போட்டுவிட்டு, நாப்பை இரண்டு விரலால் மெல்ல ஆட்டினார். லிவர் அசைந்தது, அந்த அசைவைக் கியர்பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டிய கேபிள் அசையவில்லை. கேபிள் நுனியில், இணைப்பு ஆடாமல் பிடிக்கும் வளையமான ரப்பர் புஷ்ஷை அழுத்திக் காட்டினார்: பழைய செருப்பின் குதிகால் மாதிரி ஒரு பக்கம் தேய்ந்து, நடு ஓட்டை நீள்வட்டமாகிக் கிடந்தது. லிவர் பெட்டியைத் தரையோடு பிடித்திருக்கும் நான்கு போல்ட்டின் கீழேயும் ரப்பர்தான். தள்ளுகிற பலத்தில் பாதி பெட்டியை நகர்த்துவதிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அடியிலுள்ள நான்குக்கும் அலுமினியத்தில் புஷ் கடைந்து போட்டார். கேபிள் நுனிக்குப் பித்தளையில் போடச் சொன்னேன், மறுத்தார். உலோகத்தோடு உலோகம் உரசினால் கியர்பெட்டியின் அதிர்வு அப்படியே கைக்கு வரும் என்று கெட்டி நைலானில் கடைந்தார். பழைய உயரத்து லிவர் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டியதும் அவரே. லேத் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, இரண்டு மணி நேரம் நானும் அந்த அம்மாவும் வாசலில் உட்கார்ந்து கதை.

குறையும் உண்டு. வீட்டுக்கு வந்து பார்த்தால் 6-வது கியர் விழ மறுத்தது. லிவரின் பக்கவாட்டு அசைவுக்கான கேபிளின் நைலான் புஷ்ஷில் விளிம்பு அரை மில்லிமீட்டர் கூடுதல். மறுநாள் போனேன், முகம் கோணாமல் சீவிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் ஆறு கியரையும் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம். இன்னொன்று, அலுமினியம் போட்டதிலிருந்து 4,000 ஆர்பிஎம் வாக்கில் கன்சோலுக்குள் வண்டு ரீங்கரிக்கிற சத்தம். டிராக்கில் கேட்காது. தினமும் ஓட்டுகிற வண்டியென்றால் அடிப்புஷ்ஷையும் நைலானிலேயே கேளுங்கள்.

மொத்தம் 1,850 ரேண்ட், வேலைக்கூலி உட்பட. அதற்குப் பிறகு மூன்று டிராக் டே போய்விட்டேன். 3-லிருந்து 4-க்கு 8,000-ல் மாற்றினால் எஞ்சின் 6,300-ல் வந்து உட்கார்கிறது. வால்வுகளை அதிகம் திறந்து கூடுதல் பலம் தரும் பெரிய கேம் வேலை செய்யத் தொடங்கும் 6,200-க்குச் சற்றே மேலே, அதனால் இழுவை அறுபடுவதில்லை. முன்பு வாசலைத் தேடித் துழாவுவதற்குள் அந்த இழுவை போய்விடும். 5-லிருந்து 4-க்கு இப்போது உள்ளங்கையால் தள்ளினாலே போதும்.

போக நினைப்பவர்களுக்கு: எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் புஷ்ஷைக் குறை சொல்வீர்கள். ஈஸ்டர் வாரத்தில் கடை கிடையாது, இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பமே போய்விடும்.

அந்தக் குட்டை லிவர் இன்னும் என் டிராயரில் கிடக்கிறது. ஆசைப்படுகிறவர்களுக்கு 600 ரேண்டுக்குத் தருகிறேன், கிரீஸ் கறை இலவசம்.